ஆர்கேட் பெட்டியில் பழைய டிவி: வைக்கலாம், ஆனால் கழற்றாதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு பலரும் செய்யும் முதல் வேலை கேம்ஸ் விளையாடுவதுதான். அவர்களில் சிலர் பேக்-மேன் (1980), டாங்கி காங் (1981), ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) என்று பழைய ஆர்கேட் கேம்களின் பக்கம் போய் விடுகிறார்கள். 1997-ல் வெளிவந்த மேம் என்ற எமுலேட்டர் இதற்குப் பெரிய வழி செய்து கொடுத்தது. எமுலேட்டர் என்பது உங்கள் கம்ப்யூட்டரை வேறொரு மெஷின் போல நடந்து கொள்ள வைக்கும் சாஃப்ட்வேர்.

சிலருக்கு ஆசை அதோடு நிற்பதில்லை. காசு போட்டு, நின்றுகொண்டே ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஆடும் அந்த மரப் பெட்டியே வீட்டில் வேண்டும் என்று தோன்றுகிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பழைய ஆர்கேட் பெட்டிகளை வாங்கிப் பராமரிப்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அப்படி வாங்கிய பெட்டியில் பெரும்பாலும் முதலில் படுத்துக்கொள்வது மானிட்டர். ஸ்விட்சைப் போட்டால் சத்தம் வரும், படம் வராது.

அப்போது எழும் கேள்வி இது: யாரும் சீண்டாமல் மூலையில் கிடக்கும் பழைய சிஆர்டி டிவியை அந்த மானிட்டருக்குப் பதிலாக வைக்கலாமா?

வைக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் டிவியை அதன் பிளாஸ்டிக் கூட்டோடு முழுதாக வைக்க வேண்டும். கூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிக்சர் டியூபை மட்டும் எடுத்துப் பெட்டியில் பொருத்தும் வேலையில் நீங்கள் இறங்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

முதல் பெட்டியிலேயே டிவிதான்

ஆர்கேட் பெட்டியில் வீட்டு டிவியை வைப்பது அந்தப் பெட்டிக்குச் செய்யும் அவமரியாதை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்துகிறேன்.

1972-ல் அடாரி நிறுவனத்தின் ஆலன் அல்கார்ன் பாங் கேமின் முதல் மாதிரியை உருவாக்கினார். அதற்கென்று தனி மானிட்டர் எதையும் அவர் தேடிப் போகவில்லை. கடையில் 75 டாலருக்கு ஒரு ஹிட்டாச்சி கருப்பு வெள்ளை டிவியை வாங்கினார். அதை 4 அடி உயர மரப் பெட்டிக்குள் வைத்தார். கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் அந்தப் பெட்டி வைக்கப்பட்டு, மக்கள் காசு போட்டு ஆடினார்கள். ஆர்கேட் தொழிலுக்கு அடித்தளம் போட்ட பெட்டிகளில் ஒன்றிலேயே இருந்தது வீட்டு டிவி! எனவே டிவி வைப்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

ஏன் டிவி பொருந்துகிறது?

பிக்சர் டியூபில் படம் ஒரே நேரத்தில் முழுதாகத் தோன்றுவதில்லை. எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக, வரி வரியாக வரைந்து கொண்டே போகிறது. ஒரு நொடியில் எத்தனை வரிகள் வரைகிறது என்பதைத்தான் ஹரிசான்டல் ஃப்ரீக்வன்ஸி என்கிறோம்.

அமெரிக்க, ஜப்பானிய டிவிகளில் இது 15,734. நம் நாட்டின் பால் முறை டிவிகளில் 15,625. 1980-களின் ஆர்கேட் மானிட்டர்களில் பெரும்பாலானவையும் இதே 15 கிலோ ஹெர்ட்ஸ் அளவில்தான் இயங்கின. சொல்லப்போனால் ஆர்கேட் மானிட்டர் என்பது சானல் மாற்றும் ட்யூனர் இல்லாத டிவிதான். உங்கள் கம்ப்யூட்டரின் விஜிஏ மானிட்டர் வேறு சாதி. 640x480 அளவில் அது நொடிக்குச் சுமார் 31,500 வரிகளை வரைகிறது, அதாவது இரண்டு மடங்கு.

இதிலிருந்து புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கம்ப்யூட்டரின் விஜிஏ சிக்னலை ஏதோ ஒரு ஒயர் வழியாக டிவிக்குக் கொடுத்தால் படம் வராது. அதே சிக்னலைப் பழைய ஆர்கேட் மானிட்டருக்குக் கொடுத்தால் மானிட்டரே பாழாகலாம்.

எல்சிடி மானிட்டரை வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். தாராளமாக வைக்கலாம். எடை குறைவு, ஆபத்தும் குறைவு. ஆனால் அந்தக் காலத்து ஓவியர்கள் பிக்சர் டியூபைப் பார்த்துக்கொண்டு வரைந்த படங்கள் இவை. வரிகளுக்கு நடுவே தெரியும் மெல்லிய கருப்புக் கோடுகளும், ஒன்றோடு ஒன்று லேசாகக் கலக்கும் வண்ணங்களும் சேர்ந்துதான் அந்தப் படம். எல்சிடியில் அதே படம் சதுரம் சதுரமாகத் தெரிகிறது. ஃபில்டர்கள் போட்டு ஓரளவு சரி செய்யலாம். சிஆர்டி டிவியில் அந்த வேலையே தேவையில்லை.

கழற்றாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன்?

டிவியின் கூட்டைக் கழற்றி, பிக்சர் டியூபையும் சர்க்யூட் போர்டையும் ஆர்கேட் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கி விடுபவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அசல் மானிட்டர் போலவே இருக்கும். ஆனால் அதன் ஆபத்து கம்ப்யூட்டரின் சிபியுவைத் திறந்து ராம் மாட்டிப் பழகியவர்களுக்குப் புரியாது. சிபியுவுக்குள் போர்டுகளில் ஓடுவது 12 வோல்ட்டும் அதற்குக் குறைவும்தான். கலர் பிக்சர் டியூபின் ஆனோடில் இருப்பது 20,000 வோல்ட்டுக்கும் மேல். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் இது உடனே போய்விடாது. டியூபின் கண்ணாடியே ஒரு கெப்பாசிட்டர் போல மின்சாரத்தைத் தேக்கி வைத்துக் கொள்கிறது.

இரண்டாவது ஆபத்து கண்ணாடி. உள்ளே வெற்றிடம். பின்பக்கம் கழுத்து மெலிந்தது. அங்கே ஒரு சின்ன இடி பட்டாலும் டியூப் அதோடு முடிந்தது. முன்பக்கக் கண்ணாடி உடைந்தால் சில்லுகள் தெறிக்கும்.

மூன்றாவது, பல டிவிகளின் சர்க்யூட் போர்டில் ஒரு பகுதி நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு இணைந்தது. பிளாஸ்டிக் கூடு அழகுக்காக மட்டும் கொடுக்கப்பட்டது அல்ல. அது உங்களுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே நிற்கும் சுவர். அந்தச் சுவரை எடுத்துவிட்டு, காசுப் பெட்டியைத் திறக்கக் குழந்தைகள் கைவிடும் இடத்தில் போர்டைத் திறந்தபடி வைப்பது சரியா? யோசித்துப் பாருங்கள்.

கூட்டோடு வைத்தால் பெட்டியின் முகப்பில் அசிங்கமாகத் தெரியுமே என்பார்கள். கருப்பு அட்டையில் டியூபின் அளவுக்கு ஓட்டை வெட்டி முன்னால் வைத்தால் கூடு மறைந்துவிடும். டிவியைத் தாங்க உள்ளே ஒரு பலகைத் தட்டு போதும். பெட்டியின் மரத்தை அறுக்கவே கூடாது. டிவி உள்ளே போகவில்லை என்றால் சின்ன டிவி பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் எல்சிடிக்குப் போங்கள். நாளைக்கே அசல் மானிட்டர் சரியானால், டிவியை எடுத்துவிட்டு அதைப் பழைய இடத்தில் மாட்ட முடிய வேண்டும். இதுதான் என் அளவுகோல்.

பழைய மானிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

படம் வராத மானிட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல சமயம் டியூப் நன்றாகவே இருக்கும். போர்டில் காய்ந்து போன கெப்பாசிட்டர்களோ, உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரோதான் பழுதாகியிருக்கும். சிஆர்டி டிவி பழுது பார்த்த அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவர் சரி செய்து தந்தால் டிவியே தேவைப்படாது. மெக்கானிக் கிடைக்கும் வரை டிவி அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பிக்சர் டியூபை இன்று கடையில் புதிதாக வாங்க முடியாது. ஒரு நல்ல டிவியைப் பிரித்து, வேலை சரியாக வராமல் போனால் டிவியும் போச்சு. பெட்டியில் இடம் வேண்டும் என்று மானிட்டரையும் குப்பையில் போட்டிருந்தால் இரண்டும் போச்சு. அது வெறும் குப்பையும் அல்ல. டியூபின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது.

வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

முதலில் டிவியின் பின்பக்கச் சாக்கெட்டுகளைப் பாருங்கள். மஞ்சள் சாக்கெட் மட்டும் இருந்தால் அது காம்பொசிட். படம் வரும், ஆனால் வண்ணங்கள் கொஞ்சம் கசியும். வட்டமான எஸ்-வீடியோ சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. பச்சை, நீலம், சிவப்பு என மூன்று வீடியோ சாக்கெட் இருந்தால் அது காம்பொனென்ட், அதைவிட நல்லது. நிறங்களைப் பார்த்துவிட்டு ஆர்கேட் போர்டின் ஆர்ஜிபி ஒயர்களை நேரடியாக அதில் செருகி விடாதீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்னல்கள். நடுவில் மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். ஐரோப்பிய டிவிகளில் உள்ள ஸ்கார்ட் சாக்கெட் ஆர்ஜிபியை ஏற்கும். ஆனால் அது எதிர்பார்ப்பது 0.7 வோல்ட். ஆர்கேட் போர்டு தருவது அதைவிட அதிகம். அதைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். டாங்கி காங் போன்ற நின்டெண்டோ போர்டுகளில் வீடியோ சிக்னலே தலைகீழாக வரும். அதைத் திருப்ப இன்னொரு சின்ன போர்டு தேவை.

பெட்டிக்குள் போர்டுக்குப் பதில் கம்ப்யூட்டரை வைப்பவர்களுக்கு ராஸ்பெர்ரி பை எளிய வழி. 2012-ல் வந்த அதன் முதல் மாடலில் மஞ்சள் சாக்கெட்டே இருந்தது. 2, 3 மாடல்களில் ஆடியோ ஜாக்கிலேயே காம்பொசிட் வீடியோவும் கிடைக்கிறது.

அடுத்து, கேம் நிமிர்ந்த படமா, படுத்த படமா என்று பாருங்கள். பேக்-மேன் படத்தின் அகலம் 224 புள்ளிகள், உயரம் 288. இதற்கு டிவி பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். நேராக வைத்தால் சுமார் 240 வரிகளுக்குள் 288 அடங்காது. திருப்பி வைக்கும்போது காற்றுத் துளைகள் அடைபடாமல் பாருங்கள். வண்ணங்கள் ஓரங்களில் மாறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பூமியின் காந்தப்புலம் செய்யும் வேலை அது. டிவியை அணைத்து, நன்றாக ஆறிய பிறகு மீண்டும் போடுங்கள். உள்ளே இருக்கும் டீகாஸ் காயில் பெரும்பாலும் சரி செய்துவிடும்.

கடைசியாக, பவர் ஸ்விட்ச். அழுத்தினால் உள்ளேயே நிற்கும் பழைய வகை ஸ்விட்ச் உள்ள டிவியைத் தேர்ந்தெடுங்கள். ரிமோட்டில் மட்டும் உயிர் பெறும் டிவி என்றால், பெட்டியின் ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும்.

மூலையில் தூசி படிந்து கிடக்கும் டிவிக்கு இப்படி ஒரு மறுவாழ்வு கிடைத்தால் நல்லதுதான். அதன் பின்பக்க ஸ்க்ரூக்கள் மட்டும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.