கொக்கோஸ் தீவில் நான்கு பெயர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம். ஹிட்லர், முசோலினி, ஹிரோஷிமா என்று வழமையாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குக் கொட்டாவி. பாடத்தை நிறுத்திவிட்டு, "இந்தப் போரில் தூக்கிலிடப்பட்ட இலங்கைச் சிப்பாய்கள் மூன்று பேரைத் தெரியுமா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது. குறை சொல்ல முடியாது. நான் பள்ளியில் படித்த காலத்திலும் இதைக் கேள்விப்பட்டதில்லை. கலாசாலையில் பயிற்சியில் இருந்தபோது ஒரு விரிவுரையாளர் தேநீர் நேரத்தில் சும்மா கதையாகச் சொன்னதுதான்.

கதை இதுதான். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. ஏப்ரல் 9 இல் திருகோணமலை. நமது பக்கத்து வயசாளிகள் "சப்பான் குண்டு" என்று சொன்னது இதைத்தான். இந்த இரண்டு தாக்குதலுக்கும் இடையில், ஏப்ரல் 7 இரவு, என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் கண்டிச் சிறையிலிருந்து தப்பிப் போனார்கள். வெள்ளைக்காரன் ஆட்டம் கண்டுவிட்டான், இனி நிற்க மாட்டான் என்று பலர் நினைத்த மாதங்கள் அவை.

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து 2500 கிலோமீற்றருக்கும் அப்பால், கொக்கோஸ் தீவுக்கூட்டத்தில், ஹோர்ஸ்பர்க் என்ற சின்னத் தீவில் சிலோன் கரிசன் ஆர்ட்டிலரிப் படையின் ஒரு பிரிவு இரண்டு ஆறு அங்குலப் பீரங்கிகளோடு நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் டைரக்‌ஷன் தீவு. அங்கே கடலடித் தந்தி நிலையம். அதைக் காப்பதுதான் வேலை. சிப்பாய்கள் நமது நாட்டவர்கள், கட்டளை அதிகாரி வெள்ளைக்காரர் கப்டன் கார்டினர். நிற வேறுபாடு, அவமரியாதை என்று சிப்பாய்கள் மனதில் நிறையக் கிடந்தது.

மே 8 இரவு பொம்படியர் கிரேஷன் பெர்னாண்டோ தலைமையில் ஒரு குழு கிளம்பியது. அதிகாரிகளைப் பிடிப்பது, பீரங்கிகளை டைரக்‌ஷன் தீவின் பக்கம் திருப்புவது, கிறிஸ்மஸ் தீவில் இருந்த ஜப்பானியர்களுக்குச் செய்தி அனுப்பித் தீவை ஒப்படைப்பது. இதுதான் திட்டம். நடக்கவில்லை. பெர்னாண்டோவின் பிரென் துப்பாக்கி இடையில் சிக்கிக்கொண்டது. விடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. இராணுவ நீதிமன்றம் கிறுகிறுவென்று விசாரித்து 7 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. 4 பேருக்குத் தண்டனை குறைக்கப்பட்டது. மற்ற மூவரையும் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். ஆகஸ்ட் 5 இல் கிரேஷன் பெர்னாண்டோ, 7 இல் கார்லோ கௌடர், 8 இல் ஜி.பி. டி சில்வா. அந்தப் போரில் பிரித்தானியப் பேரரசின் படைகள் முழுவதிலும் கிளர்ச்சிக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் இவர்கள் மூவர்தான். அதற்குப் பிறகு இலங்கைப் படைப்பிரிவு எதையும் நேரடிச் சண்டைக்கு அனுப்ப வெள்ளைக்காரன் துணியவில்லை.

வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வரிசையிலிருந்து ஒரு பொடியன் கேட்டான்: "சேர், அப்ப இவங்க வீரர்களா, துரோகிகளா? பரீட்சைக்கு என்னண்டு எழுதுற?"

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ஏனென்றால் நம்மிடமும் இந்த நோய் இருக்கிறது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நாம் எல்லோரும் எப்படி இருந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? தேசப்பற்று நிரூபிக்கச் சொன்னார்கள். நாமும் விழுந்து விழுந்து நிரூபித்தோம். நாட்டுக்காகப் போராடிய முஸ்லிம்கள் என்று நீண்ட நீண்ட பட்டியல்கள். நானும் ஒன்றைப் பகிர்ந்தேன். அதில் பாதி பிழை என்று ஒரு சிங்கள நண்பர், அவரும் வரலாற்று ஆசிரியர், இன்பொக்ஸில் மரியாதையாகச் சொன்னார். வெட்கமாகப் போய்விட்டது. பதிவை அழித்தேன்.

அந்தப் பட்டியல்களில் ஹாஜி மரிக்காரின் பெயரைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். 1817 இல் வெல்லஸ்ஸவில் இருந்த நம்மவர்களுக்குப் பொறுப்பாக வெள்ளைக்காரன் நியமித்த முஹாந்திரம் அவர். கண்டிப் பிரதானிகளுக்கு அந்த நியமனம் பெரிய அவமானமாகப் பட்டது, ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி வெடிக்க அதுவும் ஒரு காரணம் என்று எந்த வரலாற்று ஆசிரியரும் சொல்வார். அது நமக்கு வசதியில்லாத பக்கம். ஆகவே புரட்டிவிடுகிறோம். கொக்கோஸ் கதையும் நம்முடைய பக்கங்களில் வராது. தூக்கில் தொங்கிய மூவரில் முஸ்லிம் பெயர் இல்லையே!

ஆனால் அந்தத் தீவுக்கூட்டத்தின் மக்கள் யார் தெரியுமா? மலாய் முஸ்லிம்கள். 1826 இலிருந்து அலெக்சாண்டர் ஹெயர் என்ற வெள்ளைக்காரர் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் சந்ததி. பிறகு க்ளூனிஸ் ரோஸ் குடும்பம் பரம்பரை பரம்பரையாக அந்தத் தீவுகளைத் தங்கள் தென்னந்தோட்டம் போல ஆண்டது. கூலியைக்கூடக் காசாகக் கொடுக்காமல் தாங்களே அடித்த வில்லைகளாகக் கொடுத்தார்கள், அவர்களுடைய கடையில் மட்டும்தான் அவை செல்லும். இன்றும் அந்த மக்கள் ஹோம் தீவில் பள்ளியும் பெருநாளுமாக வாழ்கிறார்கள், இப்போது அவுஸ்திரேலியாவின் கீழ். பெர்னாண்டோவின் திட்டம் வெற்றி பெற்றிருந்தால் இவர்கள் ஜப்பானியர் கையில் போயிருப்பார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் எத்தனை ஆயிரம் பேர் திரும்பி வரவில்லை என்பதை நினைத்தால், அது சின்ன விஷயம் இல்லை. ஹோம் தீவு மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளைக்காரனும் கேட்கவில்லை, வெள்ளைக்காரனை எதிர்த்தவர்களும் கேட்கவில்லை.

இன்னொரு பெயரும் இருக்கிறது. சாமுவேல் ஜயசேகர. பீரங்கிச் சிப்பாய். அந்த இரவில் செத்தவர் அவர். கிளர்ச்சிக்காரர்களின் குண்டில்தான் செத்தார். வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளம்பிய கிளர்ச்சியில் உயிர் போனது ஒரு இலங்கையனுக்கு.

இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்ப பெர்னாண்டோ பிழை தானே சேர்" என்றாள். நான் உடனே ஆம் என்று சொல்லவில்லை. தன்னை மனிதனாக மதிக்காத ஒரு படையில், தன்னுடையதல்லாத ஒரு பேரரசுக்காகச் சாகச் சொன்னால் கோபம் வராதா? அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்டு உயிர் தப்ப அவர் விரும்பவில்லை என்று சொல்வார்கள். அந்த நெஞ்சுரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர் கூப்பிட நினைத்தது இன்னொரு பேரரசை. அதையும் மறைக்க மாட்டேன்.

கிறிஸ்மஸ் தீவில் அதே 1942 மார்ச்சில் இந்தியச் சிப்பாய்கள் தங்கள் வெள்ளை அதிகாரியையும் இன்னும் நான்கு வெள்ளையர்களையும் கொன்றார்கள். மூன்று கிழமைக்குள் ஜப்பானியர் வந்து இறங்கினார்கள். போர் முடிந்த பிறகு பிடிபட்டவர்களுக்கு 1947 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் இந்தியாவும் பாகிஸ்தானும் பிறந்துவிட்டன. இரண்டு அரசாங்கங்களும் பேசின, தூக்கு ஆயுள் தண்டனையாக மாறியது. நம்முடைய மூவருக்காகப் பேச 1942 இல் நமக்கென்று ஒரு அரசாங்கம் இல்லை. பெர்னாண்டோ இன்னும் ஐந்தாறு வருடம் சிறையில் இருந்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்குமோ என்று சில நேரம் யோசிப்பேன்.

1818 கிளர்ச்சித் தலைவர்களை வெள்ளைக்காரன் துரோகிகள் என்று அறிவித்ததை, மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்தபோது அரசாங்கம் ரத்துச் செய்து அவர்களைத் தேசிய வீரர்களாக்கியது. நல்ல விஷயம்தான். கொக்கோஸ் மூவருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அந்தக் கல்லில் ஜயசேகரவின் பெயரும் இருக்க வேண்டும் என்பேன். மூன்று பெயர் மட்டும் உள்ள கல் வேண்டாம்.

பரீட்சைக்கு என்ன எழுதுவது என்று கேட்ட பொடியனுக்கு நான் சொன்னது: நாலு பேருடைய பெயரையும் எழுது, யார் யாருக்கு என்ன நடந்தது என்று எழுது, பிறகு நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. "மார்க்ஸ் கிடைக்குமா சேர்?" என்றான். பொய் சொல்ல மனம் வரவில்லை. இது பரீட்சைக்கு வராது மகன் என்றேன். முழு வகுப்பும் சிரித்தது. ஆனாலும் அவன் கொப்பியை மூடவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ போர்க் காலத்தில் படையில், சைனாபே எண்ணெய்த் தாங்கிகளில், திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்திருந்தால், வீட்டில் ஒரு பதக்கமோ சம்பளப் புத்தகமோ பழைய படமோ கிடந்தால், அதைப் படம் பிடித்துக் கொமென்டில் போடுங்கள். கதை மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, வொய்ஸாக அனுப்புங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். ஆகஸ்ட் 5 க்கு முன் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.