வாட்ஸ்அப் டாக்டர்களுக்கு ஒரு கேள்வி!

"பொறந்த குழந்தைக்கு எதுக்குங்க காமாலை ஊசி? கீழாநெல்லி இருக்கே!" இந்த ஃபார்வர்டு இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு தோழர்களே.

பதில் இதோ. ஹெபடைடிஸ் பி தண்ணியில வர்ற காமாலை இல்ல, ரத்தம் வழியா பரவும் வைரஸ். அம்மாவுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றலாம்.

பெரியவங்களுக்கு வந்தா 100-ல் 95 பேருக்கு உடம்பே அதை விரட்டிடும். பிறக்கும்போதே தொற்றினால்? 100-ல் 90 குழந்தைகளுக்கு நிரந்தரமா தங்கிடும். வளர்ந்து ஆளான பிறகு கல்லீரல் சுருக்கம், புற்றுநோய்னு வந்து நிக்கும். அன்னைக்கு ஆஸ்பத்திரி பில்லை ஃபார்வர்டு அனுப்பினவர் கட்டுவாரா?

1984-ல் தைவான் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கியது. அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் பெருமளவு குறைந்தது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

ஒருகாலத்துல இது காசு இருக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைச்ச இறக்குமதி ஊசி. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இங்கேயே தயாரிச்சு விலையை உடைச்சது. இன்னைக்கு அரசு மருத்துவமனையில் இலவசம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைச்ச இந்த உரிமையை ஒரு பொய் ஃபார்வர்டு பறிக்க விடலாமா?

✅ பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி
✅ 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட்

உங்க தெருவில் கர்ப்பிணி இருந்தா இன்னைக்கே சொல்லுங்க. பொய் பரவுற அதே குரூப்ல இதையும் பகிருங்க!

#24மணிநேரத்தில்தடுப்பூசி #தடுப்பூசி_நம்உரிமை