பெப்சி பாசியும் எலியின் காலும்

திருவண்ணாமலையில் கடல் கிடையாது. பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போனால்தான் அலை. ஆனால் இங்கே எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கடல் டப்பா டப்பாவாக உட்கார்ந்திருக்கிறது. சங்கு பற்பம், முத்து பற்பம், பவள பற்பம், கடல் நுரை. (கடல் நுரை நுரையே அல்ல, ஸார். கணவாயின் ஓடு.) மலையடிவாரத்துக்கே கடலை வரவழைத்தவர்கள் நம் சித்த வைத்தியர்கள்.

பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகும் ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார்: "ராமேஸ்வரம் பக்கம் ஏதோ வெளிநாட்டுப் பாசி பரவுதாமே ஸார்? அதுல எல்லா வியாதிக்கும் மருந்து இருக்காமே?"

பரவுவது நிஜம். பெயர் கப்பாஃபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்து ஆசாமி. கள்ளத்தோணியில் வரவில்லை, விஞ்ஞானிகளே கொண்டுவந்து, 1990-களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000-க்குப் பிறகு பெப்சி கம்பெனி ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்தது. மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. பல மீனவப் பெண்களுக்கு அதுவே சம்பாத்தியம். கம்பெனி பிறகு விலகிவிட்டது. மீனவர்கள் வைத்த 'பெப்சி பாசி' என்ற பேர் மட்டும் விலகவில்லை.

வம்பு என்னவென்றால், இதற்கு விதை தேவையில்லை. அலையில் ஒடிந்த துண்டு போதும், தழைத்துவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்று குருசடை. உயிரியல்காரர்களின் சொர்க்கம் என்று பேர் வாங்கிய இடம். அங்கே உயிருள்ள பவளப்பாறை மேல் இந்தப் பாசி கம்பளி போர்த்தியதுபோல் படர்ந்திருப்பதை 2008-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிகள் வெயிலில் சமைத்துத்தான் அதற்குச் சாப்பாடு போடுகின்றன. வெயில் நின்றால் பவளம் பட்டினி. ஆள் வைத்துக் கையால் பிய்த்தெடுத்துப் பார்த்தார்கள். மிச்சமிருந்த துண்டு மறுபடி தழைத்தது.

சரி, மருந்து?

இந்தப் பாசியைக் காய்ச்சினால் கராஜீனன் என்று ஒரு கொழகொழப் பொருள் கிடைக்கும். காலையில் நீங்கள் பிதுக்கும் டூத்பேஸ்டிலும், மதியம் சாப்பிடும் ஐஸ்க்ரீமிலும் இருக்கலாம். மருந்துக் கம்பெனிகளும் வாங்குகின்றன, பெரும்பாலும் மருந்தைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் பசையாக. அதாவது கல்யாணத்தில் மாப்பிள்ளை அல்ல, பந்தல்.

இன்னொரு உத்தியோகமும் உண்டு. எலியின் பாதத்தில் இதை ஊசியால் ஏற்றினால் பாதம் வீங்கும். அப்புறம் வலி மாத்திரையைக் கொடுத்து, வீக்கம் வடிகிறதா என்று பார்ப்பார்கள். 1962-லிருந்து பரிசோதனைச் சாலைகளில் நடக்கிற வழக்கம். வீக்கத்துக்கு மருந்து தேட, முதலில் வீங்க வைக்கும் பொருள் இதுதான்!

கராஜீனனை நிஜ மருந்தாகவும் சோதித்தார்கள். சோதனைக் குழாயில் அது எய்ட்ஸ் கிருமியைத் தடுத்தது. உடனே ஜெல்லாகச் செய்து, தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் அதிகமான பெண்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: கெடுதல் இல்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. குழாயில் பாஸ், மனுஷ உடம்பில் ஃபெயில். 'மருத்துவ குணம் கண்டுபிடிப்பு' என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் இந்த 6,000 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வந்தேறி என்பதும் விலாசத்தைப் பொறுத்த சமாசாரம்தான். நம் கடலில் பச்சைச் சிப்பி என்று சாதுவாக ஒன்று இருக்கிறது. 1999-ல் அது அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் முளைத்து, மின் நிலையத்துத் தண்ணீர்க் குழாய்களை அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே ரௌடி. இங்கே கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதே சிப்பியின் சாரத்தை மூட்டுவலிக்காரர்களுக்கான மாத்திரையாக்கியிருக்கிறது. மருந்து லேபிள் இல்லை, சத்துப்பொருள் லேபிள்.

ஆகவே, வேண்டாத உயிரினத்திலிருந்து வேண்டிய சரக்கு கிடைக்காமல் போகாது. ஒழிக்க முடியாத களையை அறுத்து விற்பது கெட்டிக்காரத்தனமும்கூட. ஆனால் ஒரு களைக்கு விலை வைத்த அன்றே அது பயிராகிவிடுகிறது. பயிரை யாராவது பிடுங்கி எறிவார்களா? இன்னும் நாலு இடத்தில் நடுவார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் 2023-ல் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல்லும் நாட்டியாயிற்று. பாசி வளர்க்கும் பெண்களுக்கு வருமானம் வேண்டும், வாஸ்தவம். அதை நம்ம ஊர்ப் பாசிகளிலும் தேடலாம். பவளம் செத்தால் மீன் போகும். மீன் போனால் அதே வீட்டு ஆண்களின் வலை காலி.

நண்பரிடம் சொன்னேன்: "அழையாமல் வந்த விருந்தாளி கிளம்பமாட்டேங்கிறார்னு வைங்க. சரி, அவரை ரேஷன் கடை க்யூவில் நிறுத்தலாம், தப்பில்லை. அதுக்காக அவர் தம்பிக்கும் லெட்டர் போட்டு வரவழைப்பீங்களா?"

"எங்க வீட்ல ஏற்கெனவே போட்டாச்சு ஸார்" என்றார் நண்பர், சோகமாக.