இருமலோடு வார்டுக்கு வரவழைப்பது யார்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நமது தோல் வட்டாரத்தில் யாருக்குப் பெரிய நோய் வந்தாலும் வண்டி போய் நிற்பது வேலூரில்தான். 1900ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையில், 2021ல் சுமார் 10,600 பேர் பணியாற்றினார்கள். கொரோனா இரண்டாம் அலையின்போது, அந்த ஆண்டு பிப்ரவரி 21 முதல் மே 19 வரையிலான மூன்றே மாதங்களில், அவர்களில் 1,350 பேருக்குத் தொற்று உறுதியானது. இந்தக் கணக்கை மறைக்காமல் ஆய்வாகவே வெளியிட்ட அந்த நிர்வாகத்தைப் பாராட்ட வேண்டும்.

தடுப்பூசி நல்ல பாதுகாப்புத் தந்தது என்பதை அதே ஆய்வு காட்டியது. ஆனால் இரண்டு தவணையும் போட்டுக் கொண்டவர்களிலும் 679 பேருக்குத் தொற்று வந்தது. ஊசி மட்டும் போதாது, காய்ச்சலும் இருமலும் உள்ள ஊழியர் வார்டுக்குள் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவருக்கும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் கொள்பவருக்கும், குறைமாதக் குழந்தைக்கும் சாதாரண ஃப்ளூவே எமனாகிவிடும்.

விதி ஒன்றும் சிக்கலானதல்ல. காய்ச்சலோடு இருமல் வந்தால் உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இருமல் அடங்கும்வரை மாஸ்க் அணிய வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. இவை தெரியாத நர்ஸ் யாரும் இல்லை.

தெரிந்தும் ஏன் வருகிறார்கள்? சம்பளம்!

இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை, சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு அந்த உதவி கிடையாது என்பதுதான் காலங்காலமாக இருந்து வரும் விதி. ஃப்ளூ அதிகமாகப் பரவுவதோ, நோய் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்களில்! எந்த நாட்களில் வீட்டில் இருக்க வேண்டுமோ, அந்த நாட்களுக்குத்தான் காசு இல்லை. பொய் லீவு போடுபவரைத் தடுக்கப் போட்ட வேலி, மெய்யாகவே நோயுற்றவரைப் பணிக்குத் துரத்துகிறது. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நமது சகோதரிகளுக்கு இந்த இரண்டு நாள் கணக்கு நன்றாகவே தெரியும். காண்ட்ராக்ட் துப்புரவுப் பணியாளருக்கும் ஆயாவுக்கும் நிலைமை இன்னும் மோசம். ஒருநாள் வராவிட்டால் அன்றைய கூலி போச்சு. நான்கு நாள் வராவிட்டால் வேலையே போச்சு.

2020 ஜூலை 31ல் உச்ச நீதிமன்றம், மருத்துவப் பணியாளர்கள் தனிமைப்படுத்தப்பட்ட காலத்தை விடுப்பாகக் கணக்கிட்டுச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசிடம் தெளிவுபடுத்தக் கூறியது. கொரோனாவுக்கு நியாயமானது ஃப்ளூவுக்கு மட்டும் அநியாயமாகிவிடுமா?

நம்மவர்கள் நடத்தும் நர்ஸிங் ஹோம்களையும் கேட்டாக வேண்டும். நான்கு நர்ஸை வைத்து நடத்தும் இடத்தில் ஒருவர் படுத்தால் மற்றவர் இரட்டை ஷிப்ட் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கஷ்டம் நமக்குப் புரியாமல் இல்லை. அதற்காக, "மாத்திரை போட்டுக் கொண்டு வந்துவிடும்மா" என்று போன் செய்வது நோயாளிக்குச் செய்யும் துரோகமல்லவா? ஒரே ஊரில் உள்ள இரண்டு மூன்று மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு மாற்று நர்ஸை வைத்துக் கொள்ளலாமே. தர்மத்துக்கு வாரி வழங்கும் தோல் வியாபாரிகள் நிறைந்த வட்டாரம் இது. இதற்கு ஆகும் செலவு அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997ல் வந்தது, அதற்கான விதிகள் 2018ல் வந்தன. பதிவுச் சான்றிதழ் வழங்கும்போது, நோயுற்ற ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக அரசு சேர்க்க வேண்டும். காண்ட்ராக்ட் ஊழியர்களுக்கும் அது பொருந்த வேண்டும். மருத்துவமனை ஊழியர் அளவிலாவது அந்த இரண்டு நாள் காத்திருப்பை மத்திய அரசு நீக்க வேண்டும். 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. மூன்று மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர்களிடமும் நமது கிளைகள் இந்தக் கோரிக்கையை மனுவாகக் கொடுக்கட்டும்.