தொல்லியல் மாணவரும் திண்ணைப் பாட்டியும்

மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்கள் நால்வர் சென்றிருந்தோம். சுந்தர சோழன் காலத்ததாகக் கருதப்படும் அக்கோயிலின் தூங்கானை மாட விமானம் எத்தனை முறை பார்த்தாலும் எங்களுக்கு அலுப்பதில்லை. ஆனால் அன்று விமானத்தைவிடத் தெருவையே அதிகம் பார்த்தோம். வெளியே மூன்று இளைஞர்கள் அளவு நாடாவைப் பிடித்து, மதிலுக்கும் வீடுகளுக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறித்துக்கொண்டிருந்தனர். கட்டடக்கலையோ தொல்லியலோ பயிலும் மாணவர்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "ஏம்ப்பா, எங்க வீட்ட இடிக்கப் போறாங்களா?" என்று கேட்டார். ஓர் இளைஞர் சிரித்து மழுப்பினார். இன்னொருவர், "ஒண்ணுமில்ல பாட்டி, சும்மா சர்வேதான்" என்றார். பாட்டியின் முகம் இறுகிவிட்டது. அவர்களும் அளந்து முடித்துப் போய்விட்டனர்.

அந்த இளைஞர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை. பாட்டிக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். அகழாய்வுக் குழியைக் கட்டங்களாகப் பிரிப்பது, மண்ணடுக்குகளை வரைவது, கல்வெட்டை மைப்படி எடுப்பது, தூணைக் கோட்டோவியமாக்குவது ஆகியவற்றை நம் பயிற்சி நிறுவனங்கள் செம்மையாகவே கற்பிக்கின்றன. இம்மரபுக்கு வயது எண்பதுக்கு மேல். 1944இல் மார்ட்டிமர் வீலர் தட்சசீலத்தில் இந்திய மாணவர்களுக்குக் களப்பயிற்சி நடத்தினார். அடுத்த ஆண்டு அரிக்கமேட்டில் தோண்டினார். அவர் ஒரு படைத்தளபதி. களத்தில் அவர் கொண்டுவந்த ஒழுங்கு இன்றும் நமக்குப் பயன்படுகிறது. குழியை ஒட்டி வாழ்பவரை வேலையாளாகவோ வேடிக்கை பார்ப்பவராகவோ மட்டும் காணும் பழக்கமும் அந்த ஒழுங்கோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது.

2020 அக்டோபரில் மத்தியத் தொல்லியல் துறை தன் பட்டயப் படிப்புக்கான அறிவிப்பில், தகுதியாக ஏற்கப்படும் செம்மொழிகளுள் தமிழை விட்டுவிட்டது. தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தபின் தமிழ் சேர்க்கப்பட்டது. எதிர்த்தது சரியே. ஆனால் அன்று நாம் அனைவரும் கல்வெட்டுத் தமிழை எண்ணியே வாதிட்டோம். திண்ணையில் அமர்ந்திருக்கும் தமிழைப் பற்றி எவரும் பேசவில்லை, நாங்களும்தான்.

தாம்பரம் வட்டாரத்தில் இது வெறும் மரியாதைப் பிரச்சினை அன்று. பல்லாவரத்தை எடுத்துக்கொள்வோம். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் பூட் அங்கே படைத்திடலை ஒட்டிய சரளைக் குழியொன்றில் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்திய முன்வரலாற்றாய்வு அந்தக் கல்லில்தான் தொடங்குகிறது. அந்நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ அதே ஊரில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைக் கண்டார். இத்தனை பெருமையுள்ள ஊரில், தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டால் வீட்டுக்காரர்கள் மகிழ்வதில்லை, அஞ்சுகிறார்கள்.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்று 1992 அறிவிக்கை வரையறுத்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம் அதனைக் கடுமையாக்கியது. முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழுதுபார்க்கவும் அனுமதி பெற வேண்டும். ஒரு கோயிலையோ கோட்டையையோ சுற்றி இவ்விதி பொருந்துவது எவருக்கும் எளிதில் விளங்கும். ஆனால் பெருங்கற்கால ஈமக்காடு கண்ணுக்குத் தெரிவதில்லை. மனைப்பிரிவு போட்டு, வங்கிக் கடன் வாங்கி, இரண்டாம் தலைமுறை குடியிருக்கும் தெருவில், மண்ணுக்கடியில் இருக்கும் ஒன்றுக்காக மகளின் திருமணத்துக்கு முன் மாடியில் ஓர் அறை எடுக்க இயலவில்லை என்றால் அந்தக் குடும்பம் என்ன நினைக்கும்? ஜமீன் பல்லாவரத்து மக்கள் இதுபற்றி முறையிட்டு வந்ததை நாளிதழ்களில் படித்திருக்கிறோம்.

இதில் தொல்லியலுக்கு நேரும் இழப்பே பெரிது. கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டும்போது கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சொன்னால் வேலை நின்றுவிடும் என்று அஞ்சுபவர் இரவோடிரவாகக் குழியை மூடிவிடுவார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கண்டெடுத்தவருக்கும் பங்கு உண்டு என்கிறது. அது எத்தனை பேருக்குத் தெரியும்? மேலும், உடைந்த ஓட்டுக்கு என்ன பங்கு கிடைக்கும்! எந்தக் கருவியாலும் மீட்க முடியாத சான்று இப்படி ஒரு கான்கிரீட் தளத்தின் அடியில் போய்விடுகிறது.

ஆகவே பயிற்சியில் முதலில் வர வேண்டியது சட்டத்தைத் தெருவில் நின்று விளக்கும் திறன் என்பது எங்கள் கருத்து. எது கூடாது, எது கூடும், எங்கே விண்ணப்பிப்பது, மறுத்தால் என்ன செய்வது ஆகியவற்றை எளிய தமிழில் பத்து நிமிடத்தில் சொல்லத் தெரியாதவருக்குப் பட்டயம் தரக் கூடாது. ஒவ்வொரு நினைவுச்சின்னத்துக்கும் தனித்தனியே மரபுத் துணைவிதிகள் வகுக்கப்பட வேண்டும் என்று அதே 2010 திருத்தம் கூறுகிறது. அவ்விதிகளின் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படுகிறது. அதனைத் தெருவாசிகளோடு அமர்ந்து படித்து, அவர்கள் கருத்தை எழுதி வாங்குவதைவிடச் சிறந்த களப்பயிற்சி ஒரு மாணவருக்கு இருக்க முடியுமா?

சொல்வதைவிடக் கேட்பது கடினம். மாடம்பாக்கத்திலேயே தூண் சிற்பமாக இருக்கும் சரபேசுவரருக்கு ஞாயிறு இராகு காலத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. காப்பாளர் கண்ணுக்கு அது எண்ணெயும் புகையும் படியும் கல். வருபவருக்கோ அது கல்லே அன்று. பல்லாவரத்தில் மகேந்திரவர்மனின் குடைவரை, அவனுடைய விருதுப் பெயர்கள் பொறித்த குகை, பின்னாளில் தர்காவாகி வழிபாட்டில் இருக்கிறது. 'மூல நிலை', 'பிற்காலச் சேர்க்கை' என்ற பாடப்புத்தகச் சொற்களோடு மட்டும் அங்கே செல்பவர் ஒரு வாக்கியத்தில் பகையைச் சம்பாதித்துக்கொண்டு திரும்பலாம். சுற்றுவட்ட மலைகளையெல்லாம் கல்லுக்காக வெட்டித் தின்ற இப்பகுதியில் அக்குகைக்கு அத்தொழுகையும் ஒரு காவல் என்றே நாங்கள் கருதுகிறோம்.

மக்கள் சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டச் சொல்லவில்லை. பெருங்கற்படைக் கல்லறைகளைப் 'பாண்டவர் வீடு' என்றும் 'குள்ளர் வீடு' என்றும் தமிழகத்தின் பல ஊர்களில் சொல்வார்கள். பாண்டவர் அங்கே குடியிருக்கவில்லை. ஆனால் அப்பெயரைக் கேட்டுக்கொண்டு போனால் கல்லறை கிடைக்கிறது. கதையை மறுப்பதற்கு முன் அதனைக் குறித்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். கீழடியில் 2015இல் அகழாய்வு தொடங்கியதற்குப் பின்னே, பல ஆண்டுகளுக்கு முன்பே பானை ஓடுகளைச் சேர்த்து வைத்த உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார் என்பதை மறக்கலாகாது.

நம் வட்டாரத்திலேயே நல்ல முன்னோடிகள் உண்டு. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் மைக்கேல் லாக்வுட், கிஃப்ட் சிரோமணி, தயானந்தன் ஆகிய மூவரும் முறையே தத்துவம், புள்ளியியல், தாவரவியல் கற்பித்தவர்கள். 1974இல் மாமல்லபுரம் பற்றி அவர்கள் வெளியிட்ட ஆய்வுநூலைத் தொல்லியலார் இன்றும் புறக்கணிக்க முடியாது. அதே சிரோமணி, பெண்கள் வாசலில் இடும் கோலத்தில் கணித இலக்கணத்தைக் கண்டு கணினியியலுக்குள் கொண்டுசென்றார். கோலமிடும் பெண்ணைத் தகவல் தெரிந்தவராக மதித்தாலன்றி அது நடந்திராது. ஒருகாலத்தில் ஆப்பிரிக்காவுக்கு மதராஸ் கைக்குட்டை நெய்தனுப்பிய அனகாபுத்தூர்த் தறிகளிடமும் இதே மதிப்போடு செல்லும் மாணவர்கள் வேண்டும்.

உலகம் இவ்வழியில் எப்போதோ நடக்கத் தொடங்கிவிட்டது. உலக மரபுக் குழு 2007இல் நியூசிலாந்தில் கூடியபோது தன் குறிக்கோள்களில் ஐந்தாவதாக மக்கள் சமூகங்களைச் சேர்த்தது. இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய திட்டமொன்றில், பொதுமக்கள் கண்டெடுக்கும் பொருள்களைப் பதிவு செய்வதற்கென்றே வட்டாரம்தோறும் அலுவலர்கள் இருக்கிறார்கள். கண்டவர் பதிவு செய்தபின் பெரும்பாலான பொருள்கள் அவரிடமே திரும்புகின்றன. அதனை அப்படியே இங்கே பெயர்த்து நடச் சொல்லமாட்டோம். சிலைத் திருட்டுக்குப் பேர்போன நாட்டில் அது வினையாகும். ஆனால் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள், பானை ஓட்டைக் கொண்டுவந்து காட்டினால் வேலையை நிறுத்தி மிரட்டாமல் குறித்துக்கொள்ளும் ஒரே ஓர் அலுவலராவது, வாரத்தில் ஒருநாளாவது, ஏன் இருக்கக் கூடாது?

அன்று மாலை நாங்கள் பாட்டியின் அருகே சென்று, வீட்டை எவரும் இடிக்கமாட்டார்கள், பயப்பட வேண்டாம் என்றோம். அவர் நம்பவில்லை. "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டார். கோயில் பார்க்க வந்தவர்கள் என்றோம். கூரை ஓடு மாற்ற யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. விதிகளைப் படித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.