குடும்ப மேடை: மழலையும் படகும்



விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் உலாப் பேச்சு எழுவது வழக்கம். வண்டிப்பெரியாறு, பீர்மேடு, தேவிகுளம் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்வோர் தேக்கடியையும் மாட்டுப்பட்டியையும் நினைப்பர். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அன்பர்கள் மலம்புழையை நினைப்பர். ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டாலோ, அவர்களைப் படகேற்றிக் காட்டாமல் திருப்பி அனுப்ப நமக்கு மனம் வருவதில்லை.

சென்ற கூட்டத்தின் முடிவில் சகோதரி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “என் மகளுக்கு நான்கு வயது, இன்னும் பள்ளியில் சேரவில்லை. அவளைப் படகில் அழைத்துப் போகலாமா? அல்லது பாட்டியிடம் விட்டுச் செல்வது நலமா?” என்பதே அது. பல இல்லங்களில் எழக்கூடிய கேள்வியாதலின், இம்மேடையிலேயே விடை கூற விழைகின்றேன்.

அழைத்துச் செல்லலாம், செல்லவும் வேண்டும். அவ்வயதில் கண்ட காட்சி உள்ளத்தில் ஊன்றி நிற்கும். தேக்கடி ஏரியின் நடுவே கருத்து நிற்கும் பட்ட மரங்களைக் காட்டி, “இங்கே ஒரு காலத்தில் காடு இருந்தது, 1895-ஆம் ஆண்டில் பென்னிகுவிக் துரை பெரியாற்று அணையைக் கட்டி முடித்தபோது அக்காட்டை நீர் மூடியது, இந்நீர்தான் மலையைக் குடைந்த சுரங்க வழியே சென்று தேனியிலும் மதுரையிலும் நெல் விளைவிக்கிறது” என்று சொல்லலாம். மலம்புழையில் நின்று, “இவ்வணையை 1955-ஆம் ஆண்டில் காமராசர் திறந்து வைத்தார்” என்று கூறலாம். பிறந்த மண்ணையும் பிழைக்க வந்த மண்ணையும் இணைக்கும் நீர், நம் குழந்தைகளுக்கு நல்லதொரு பாடப் புத்தகம் அன்றோ?

ஆயினும் நீருக்கு உறவு தெரியாது. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், தட்டேக்காட்டில் பெரியாற்றில் அளவுக்கு மிஞ்சி ஆளேற்றிய படகு மூழ்கிப் பதினைந்து பள்ளிக் குழந்தைகளும் மூன்று ஆசிரியர்களும் மாண்டனர். 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடியில் இரட்டையடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் அவ்விபத்துக்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், அந்தி சாய்ந்தபின் அளவிறந்த கூட்டத்தோடு சென்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. அவற்றுள் பெரும்பாலானவை குழந்தைகளின் உயிர்கள். உங்களை அச்சுறுத்த இவற்றை எழுதவில்லை. இவற்றுள் எதுவும் புயலால் நேர்ந்ததன்று என்பதைக் கருதுக. அமைதியான நீரிலேதான் இவை நேர்ந்தன.

இனி, என் பிழை ஒன்றையும் மறைக்காமல் கூறுகின்றேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் எல்லைப்புற நீர்த்தேக்கம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு சென்றோம். பேத்திக்கு அப்பொழுது வயது நான்கு. படகுத்துறையில் ‘லைப் ஜாக்கெட்’ என்று வழங்கும் மிதவை அங்கியை ஆளுக்கொன்றாகக் கொடுத்தனர். குழந்தைக்குக் கொடுத்ததோ பெரியவர்களுக்கானது. அதை அணிவித்ததும் அவள் முகம் பாதி மறைந்தது. தோளைப் பிடித்துத் தூக்கினால் அங்கி மட்டும் மேலே வந்தது. என் மருமகள், “மாமா, இது இவளுக்குப் பொருந்தாது. நாங்கள் இருவரும் கரையில் இருக்கின்றோம், நீங்கள் போய் வாருங்கள்” என்றாள். சீட்டு வாங்கிய பணம் வீணாகின்றதே என்று எனக்குச் சினம் மூண்டது. “அரை மணி நேரந்தானே அம்மா! என் மடியில் வைத்துக்கொள்கிறேன்” என்றேன். பின்னால் நின்றவர்கள் விரைவுபடுத்தினர். அது எனக்கு இன்னும் வெட்கமாயிருந்தது. அவளோ அசையவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் மட்டும் மகனோடு படகேறினேன்.

நடு நீரில் யாரோ மான் கூட்டம் என்று கூவினார். அத்தனை பேரும் இடப் பக்கமாக எழுந்து நின்றனர். படகு சாய்ந்தது. ஒரு நொடிதான், ஓட்டுநர் அதட்டவே எல்லோரும் அமர்ந்தனர், படகும் நிமிர்ந்தது. தீங்கொன்றும் இல்லை. ஆனால் அந்த நொடியில் நான் என்ன செய்தேன் என்பதை என் கைகளைப் பார்த்த பின்னரே உணர்ந்தேன். இரு கைகளாலும் முன் இருக்கையின் கம்பியை இறுகப் பற்றியிருந்தேன். என் மடியில் குழந்தை இருந்திருப்பின் என்ன ஆகியிருக்கும்? அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று: பெரியவரின் மடி மிதவை ஆகாது, பெரியவரின் அன்பும் மிதவை ஆகாது. கரைக்குத் திரும்பியதும் மருமகளிடம் என் பிழையைச் சொன்னேன்.

ஆகவே அச்சகோதரிக்கும் உங்களுக்கும் நான் கூறுவது ஒன்றே: குழந்தையின் உடலுக்குப் பொருந்தும் மிதவை அங்கி இருந்தால் ஏறுக, இல்லையேல் ஏறற்க. பொருத்தம் அறியும் முறை எளிது. அங்கியை அணிவித்து வார்களை எல்லாம் பூட்டியபின், தோள்பட்டையைப் பிடித்து மெல்ல மேலே தூக்குக. அங்கி காதுவரை ஏறினால் அது பெரிது. நீரில் குழந்தை அதனுள்ளிருந்து நழுவிவிடும். கால்களுக்கிடையே செல்லும் வார் உள்ள அங்கி சிறு குழந்தைக்கு மிக நன்று. கடையில் விற்கும் காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருள்களே, அவற்றை நம்பலாகாது. அங்கியைத் துறையிலேயே அணிவித்து, மீண்டும் துறையில் இறங்கிய பின்னரே கழற்ற வேண்டும். “புழுக்கமாயிருக்கிறது” என்று குழந்தை அழுதாலும் இடையில் கழற்றலாகாது.

படகிலேறியபின் குழந்தைக்கென ஒரு பெரியவரைக் குறித்து வையுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட குழந்தையை ஒருவரும் பார்ப்பதில்லை. நீரில் தத்தளிக்கும் குழந்தை பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை, ஓசையின்றியே மூழ்கும். ஆதலால் குறிக்கப்பட்டவர் கையில் கைப்பேசியோ காமிராவோ இருத்தல் கூடாது. யானை எப்பக்கம் வந்தாலும் இருந்த இடத்திலிருந்தே காண்க. பிறர் எழுந்தாலும் நீங்கள் எழாதீர்கள். படகில் கூட்டம் மிகுந்ததாகவோ பொழுது சாய்ந்ததாகவோ தோன்றினால், சீட்டுப் பணத்தை மறந்துவிட்டுத் திரும்புங்கள்.

குழந்தையின் உடல்நலம் பற்றியும் சில சொற்கள். நம் எல்லைப்புறத்தில் ஏரியைவிட மலைப்பாதையின் வளைவுகளே குழந்தைக்கு மிகுந்த குமட்டலைத் தருகின்றன. எண்ணெய்ப் பலகாரம் தவிர்த்து, புறப்படுமுன் இட்லி போன்ற மென்மையான உணவைச் சிறிதளவு கொடுங்கள். வண்டியில் படம் காட்டாமல் தொலைவிலுள்ள மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தேக்கடியில் படகு ஒன்றரை மணி நேரம் செல்லும்; ஏறுமுன் குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். காலைப் படகில் குளிர் மிகுதி. கம்பளிச் சட்டையை முதலில் அணிவித்து அதன்மேல் மிதவை அங்கியைப் பூட்டுங்கள்.

அயல்நாடுகளில் வாழும் நம் உறவினர் சிலர் குழந்தைகளோடு பெரிய உல்லாசக் கப்பல்களில் செல்வதாக எழுதுகின்றனர். அங்கும் விதி இதுவே. 2012-இல் இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ என்னும் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபின், பயணிகளுக்கான ஆபத்துக்காலப் பயிற்சியைக் கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டுமெனப் பன்னாட்டு விதி திருத்தப்பட்டது. மாளிகை போன்ற கப்பலுக்கே பயிற்சி தேவையெனில், நம் ஏரிப் படகில் ஓர் அங்கியைச் சரிபார்ப்பதற்கு நாம் ஏன் நாண வேண்டும்?

நாணம் என்று சொன்னது காரணம் கருதியே. பிழைக்க வந்த இடத்தில், பிற மொழி பேசுவோர் நடுவே, எதையும் கேட்பதற்கு நம்மவர்க்கு ஒரு கூச்சம் உண்டு. கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கியே பழகிவிட்டோம். கூலியில் அது நம்மைக் குறைத்தது. குழந்தையின் உயிரில் அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது. அன்றைய துறையிலும் நாங்கள் வேறு அங்கி உண்டா என்று வாய்திறந்து கேட்கவேயில்லை. “குட்டிக்குப் பாகமாய ஜாக்கெட் உண்டோ?” என்னும் ஒரு மலையாள வாக்கியம் போதும். வீட்டிலேயே இதைச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

சில திங்கள் கழித்துத் தேக்கடிக்குச் சென்றோம். இம்முறை சீட்டு வாங்குமுன் அவ்வாக்கியத்தை நானே கேட்டேன். பணியாளர் புன்னகையோடு உள்ளே சென்று சிறிய அங்கி ஒன்றைக் கொண்டுவந்தார். மருமகள் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அங்கியோடு பேத்தியும் சேர்ந்து மேலே வந்தாள். “இன்னொரு முறை தூக்கு அம்மா!” என்று அவள் சிரித்தாள். பிறகு எல்லோரும் ஏறினோம்.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.