நாலாவது கை

கடதாசிக் கட்டைத் தொட்டால் வீட்டுக்குத் தரித்திரம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஐம்பது வயதில் ‘முந்நூற்றிநாலு’ பழகிய கதையைக் கேளுங்கள்.

விசுவமடுவில் எங்கள் திண்ணையில் முன்பு மாமாவும், அவருக்கு எதிரே என் கணவரின் தம்பியும் ஒரு சோடி. என் கணவரும் பக்கத்து வளவு அண்ணரும் மற்றச் சோடி. 2009இல் தம்பி காணாமற் போனார். மீளக்குடியேறிய பிறகும் மாமா கட்டை எடுக்கவேயில்லை. நாலு பேர் இல்லாமல் அந்த விளையாட்டு இல்லை. போன மாரியில் ஒருநாள் அவரே, “பிள்ளை, கை ஒண்டு குறையுது, இருக்கிறியோ?” என்றார். அந்த இடத்தில் இருக்க எனக்குக் கூசியது. இருந்தேன்.

இரண்டு முதல் ஆறு வரை நீக்கினால் மிச்சம் 32 கடதாசி. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் 304. (ராணிக்கு வெறும் இரண்டு! ஆர் போட்ட கணக்கோ!) ஆடுதன், கலாவரை, இஸ்கோப்பன், உருவிதன் என்று மாமா சொல்லும் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுப்போனவை.

முதலில் நாலு கடதாசிதான் வரும். அதை மட்டும் பார்த்து 160இலிருந்து கேட்க வேண்டும். கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். பிறகுதான் மற்ற நாலும். வெளிநாட்டில் ஆடும் போக்கரைப் போல, கையில் பாதி தெரியாமலே துணிய வேண்டும். நாங்கள் காசு வைப்பதில்லை, புளியங்கொட்டைதான். காசு வந்தால் அது வேறு விளையாட்டு. அதனால் அழிந்த குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள்.

முதல் ஆட்டத்தில் ஒரே இனத்து ஜாக்கும் ஒன்பதும் என்னிடம் வந்தன. பயத்தில் கேட்காமல் விட்டேன். எதிராளிகள் கேட்டு வென்றார்கள். மாமா என் கையைப் பார்த்து, “அம்பதை வைச்சுக்கொண்டு ஏன் பிள்ளை வாய் திறக்காமல் இருந்தனி?” என்றார்.

வீட்டிலும் சங்கத்திலும் எத்தனை தரம் அப்படி இருந்திருக்கிறேன்!

அடுத்த ஆட்டத்தில் 170 கேட்டேன். பத்துப் புள்ளியால் தோற்றோம். மாமா கோபிக்கவில்லை. புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்துவிட்டு, “தம்பியும் இப்பிடித்தான் துணிஞ்சு கேப்பான்” என்றார். தம்பியைப் பற்றி அவர் வாய் திறந்து கனகாலம். அன்று இரவு இரண்டாம் தரமும் சோறு போடச் சொன்னார்.